எத்தனை ஏ? எந்த மாவட்டம்?



உயர்தரப் பெறுபேறு வந்த அன்று லயத்து வாசலில் பிள்ளையிடம் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான். "எத்தனை ஏ?" இரண்டு ஏ, ஒரு பீ என்றால் முகம் மலரும். ஒரு பீ, இரண்டு சீ என்றால், "பரவாயில்லை, அடுத்த முறை பார்ப்போம்" என்பார்கள். ஆனால் கெம்பஸுக்கு ஆள் எடுக்கிறவர்கள் இந்த எழுத்துகளை எண்ணி வரிசைப்படுத்துவதில்லை. பெறுபேற்றில் தசமப் புள்ளிக்குப் பிறகு நான்கு இலக்கத்தோடு ஒரு எண் இருக்கும். இசட் புள்ளி. பார்ப்பது அதைத்தான். அதோடு இன்னொன்றையும் பார்க்கிறார்கள்: இந்தப் பிள்ளை எந்த மாவட்டம்?

முதலில் இசட் புள்ளி. ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பௌதிகவியல் வினாத்தாள் கடினம். நாடு முழுக்க எழுதியவர்களின் சராசரி 40, புள்ளிகள் பரவியிருக்கும் அளவு, அதாவது நியம விலகல், 15. உங்கள் மகள் 70 எடுத்திருக்கிறாள். சராசரியை விட 30 கூட. அதைப் பதினைந்தால் வகுத்தால் 2. உயிரியலிலும் அவளுக்கு 70தான். ஆனால் அங்கே சராசரி 55, நியம விலகல் 10. வகுத்தால் ஒன்றரைதான் வரும். இரண்டும் எழுபது, பெறுமதி வேறு. இப்படி மூன்று பாடத்துக்கும் கணக்கிட்டு, அவற்றின் சராசரியை எடுத்தால் அவளுடைய இசட் புள்ளி.

முன்பு வெறும் புள்ளிகளைக் கூட்டித்தான் எடுத்தார்கள். பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர். ஓ. தட்டில் முன்வைத்த இந்த முறை 2001இல் வந்தது. தவறே நேராத முறை என்றில்லை. 2011 பரீட்சையில் பழைய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் புதியதில் எழுதியவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டது செல்லாது என்று உயர் நீதிமன்றமே சொன்னது. ஆனாலும் இது நியாயமான தராசு என்றே நான் நினைக்கிறேன். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். வினாத்தாள் கடினமா இலேசா என்பதைத்தான் இந்தத் தராசு சரிக்கட்டும். இரசாயனத்துக்கு ஆசிரியரே இல்லாமல் ஒரு வருடம் ஓடியதா, ஆய்வுகூடத்தின் பூட்டு திறக்கப்பட்டதா என்பது அதற்குத் தெரியாது.

அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டத்தான் மாவட்டம் வருகிறது. பெரும்பாலான பாடநெறிகளில் நூற்றுக்கு 40 இடம் அகில இலங்கைத் திறமைக்கு. 55 இடம் சனத்தொகை விகிதப்படி இருபத்தைந்து மாவட்டங்களுக்கும். மிச்சம் 5 இடம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா அந்தப் பதினாறில் ஒன்று. அதனால்தான் கொழும்பில் மருத்துவத்துக்கு எட்டாத ஒரு புள்ளி நுவரெலியாவில் எட்டிவிடுகிறது.

வடக்கே இந்தப் பேச்சை எடுத்தால் கசப்பு வரும். 1970களில் தரப்படுத்தலும் மாவட்ட ஒதுக்கீடும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குக் கதவைச் சாத்தியது இன்னும் மறக்கப்படவில்லை. அதே ஒதுக்கீடு இன்று மலையகத்தில் ஒரு கைத்தாங்கல். இரண்டும் உண்மைதான்.

ஆனால் கைத்தாங்கல் யாருக்குக் கிடைக்கிறது? நுவரெலியா மாவட்ட மக்களில் பெரும் பகுதியினர் மலையகத் தமிழர். மாவட்டத்தின் இடங்களைச் சனத்தொகை பார்த்து ஒதுக்கும்போது நம் தலைகளையும் சேர்த்துத்தான் எண்ணுகிறார்கள். விஞ்ஞான, பொறியியல் இடங்களை நிரப்பும்போதோ அந்த விகிதத்தில் நம் பிள்ளைகள் இல்லை. காரணத்தைத் தேடித் தூரம் போக வேண்டாம். உயர்தரத்தில் விஞ்ஞானம் உள்ள பாடசாலையை 1ஏபி என்கிறோம். தமிழ் மொழியில் அப்படி ஒன்றைத் தேடித் தோட்டத்திலிருந்து எத்தனை பஸ் மாற வேண்டியிருக்கிறது! ஆகவே பிள்ளை கிட்டத்தில் இருக்கிற கலைப் பிரிவுக்குப் போகிறது. கலைப் பாடநெறிக்கோ மாவட்ட ஒதுக்கீடு இல்லை. அகில இலங்கைத் திறமை வரிசைதான். நம் பிள்ளைகள் அதிகம் படிக்கும் துறையிலேயே அந்தக் கைத்தாங்கல் இல்லாமல் போகிறது. இதை யாரும் மேடையில் பேசி நான் கேட்டதில்லை.

இனி, கொத்மலைக்காரர்களுக்கென்றே ஒரு விஷயம். பூண்டுலோயா, றம்பொடை எல்லாம் நுவரெலியா மாவட்டம். நாவலப்பிட்டியும் கம்பளையும் கண்டி மாவட்டம். பஸ்ஸில் போகிறவருக்கு அந்த எல்லை கண்ணில் படாது. நல்ல பாடசாலை என்று எட்டாம் வகுப்பிலேயே பிள்ளையை அங்கே சேர்த்து, உயர்தரமும் அங்கிருந்தே எழுத வைத்தால், விண்ணப்பத்தில் அது கண்டி மாவட்டப் பிள்ளையாகிவிடலாம். தாய் இன்னமும் கொத்மலை மலையில்தான் கொழுந்து பறிக்கிறாள். பிள்ளையோ கண்டி நகரத்துப் பெரிய கல்லூரிப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் நிற்கிறது. மாவட்டத்தைத் தீர்மானிக்கப் பாடசாலையில் படித்த மூன்று வருடக் கணக்கைப் பார்க்கிறார்கள். அது பொருந்தாத இடத்தில் நிரந்தர வதிவிடத்தைப் பார்க்கிறார்கள்.

அதற்காகக் கண்டிப் பக்கம் அனுப்பாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே கிடைக்கும் ஆசிரியர், மாவட்டம் மாறுவதால் போவதை விடப் பெரிய இலாபமாக இருக்கலாம். தெரிந்துகொண்டு அனுப்புங்கள் என்கிறேன். மூன்று வருடக் கணக்கு என்பதால், உயர்தரம் தொடங்கிய பிறகு யோசித்துப் பயனில்லை. ஒன்பதாம், பத்தாம் வகுப்பிலேயே யோசிக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. உயர்தரத்தோடு எழுதும் பொதுச் சாதாரண பரீட்சையைச் சும்மா ஒரு தாள் என்று விட்டுவிடாதீர்கள். அதில் 30 புள்ளி இல்லையென்றால் இசட் புள்ளி எவ்வளவு இருந்தும் விண்ணப்பிக்க முடியாது. பாடநெறிகளை விருப்ப வரிசையில் எழுதும்போது கூட்டாளியின் தாளைப் பார்த்து எழுதாதீர்கள். மேலே எழுதியது கிடைத்துவிட்டால் கீழே எழுதியதை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு வருடமும் ஒரு கைநூல் வெளியிடுகிறது. தமிழிலும் வருகிறது. வீட்டில் வாசிக்கத் தெரிந்த ஒருவரை உட்காரவைத்து, மாவட்டம் பற்றிய பகுதியை முதலில் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.