பழைய ஸ்பீக்கரைத் தூக்கிப் போடலாமா?

ஜொகூர் பாருவின் பழைய தாமான் வீடுகள் சிலவற்றில் அப்பா வாங்கி வைத்த ஸ்டீரியோ ஸ்பீக்கர்கள் இன்னும் இருக்கும். பாட்டுப் போட்டதும் கரகரவென்று இரைந்தால் உடனே புதிது வாங்கக் கிளம்பிவிடாதீர்கள்.

முன்பக்கத் துணியைக் கழற்றிக் கூம்பின் ஓரத்தைப் பாருங்கள். அங்கே ஃபோம் வளையம் இருந்தால், அது பாலியூரித்தேன். நம் ஊர் ஈரக்காற்றில் மெல்லச் சிதைந்து, விரல் பட்டாலே பிசுபிசுவென்று உதிரும். ரப்பர் வளையம் இன்னும் நெடுநாள் தாங்கும்.

ஃபோம் மட்டும் போயிருந்தால் பழுதுபார்ப்பதே நல்லது; அளவான வளையம் வாங்கி ஒட்டலாம். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள், ஒலி ஒத்துவரும். அதற்குமுன் ஒயரைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 6 ஓம் பக்கம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் பெரும்பாலும் உள்ளே காயில் அறுந்திருக்கும். கனமான மரப்பெட்டி ஸ்பீக்கர் என்றால் அப்போதும் உதிரி பாகம் தேடிப் பார்க்கலாம், அந்தப் பெட்டிக்கே ஒரு மதிப்பு உண்டு. மலிவான பிளாஸ்டிக் செட்டுக்கு அவ்வளவு செலவு வேண்டாம்.

தூக்கிப் போடத்தான் வேண்டுமென்றால் வீட்டுக் குப்பைத் தொட்டியில் போடாமல், மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.