பார்வை குறைந்தோரும் சாலையின் சில நொடிகளும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



வரவு செலவு வாசிக்கப்பட்ட இவ்வவையில், கணக்கேட்டில் இடம்பெறாத ஓர் இழப்பைப் பற்றிப் பேச விழைகிறோம். ஐவேளையும் முன் ஸஃப்பில் நின்ற பெரியவர்கள் சிலர் இப்போது லுஹருக்கும் அஸருக்கும் மட்டுமே வருகின்றனர்; இஷாவிலும் சுபுஹிலும் அவர்களைக் காண முடிவதில்லை. நடக்கக் கால்களில் வலு இருக்கிறது. உள்ளத்தில் ஆவலும் இருக்கிறது. ஆனால், வீட்டிற்கும் பள்ளிவாசலுக்கும் நடுவே ஒரு சாலை கிடக்கிறது. பார்வை மங்கியவர்க்கு அந்தச் சாலையே பெரும் தடையாகிவிடுகிறது. அவர்களிடம் குறைந்திருப்பது துணிவன்று. சில நொடிகளே என்பதை எடுத்துரைப்பதே நம் நோக்கம்.

குறைபார்வை என்பது முற்றிலும் பார்வையின்மை அன்று. தக்க கண்ணாடி அணிந்த பின்னும் நல்ல கண்ணின் பார்வை 6/18க்குக் கீழே 3/60 வரை இருப்போரையும், பார்வைப் பரப்பு 40 பாகைக்குக் கீழே 10 பாகை வரை சுருங்கியோரையும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இவ்வகையில் சேர்க்கிறது. 6/18 என்றால், பிறர் 18 மீட்டர் தொலைவில் படிக்கும் எழுத்தை இவர் 6 மீட்டர் அளவுக்கு நெருங்கினால்தான் படிக்க இயலும். கண்நீர் அழுத்த நோய் முற்றியவர்க்கு நேரே இருப்பது தெரியும். பக்கவாட்டில் வரும் வண்டி தெரியாது. விழித்திரையின் மையம் பழுதானவர்க்கோ ஓரங்கள் தெரியும். எதிரில் நிற்பவரின் முகம் தெரியாது. அத்தகையவர் ஸலாம் சொல்லாமல் கடந்து சென்றால், அதைப் பெருமை என்று எண்ணலாகாது. கண்புரை உடையவர்க்கு இரவில் வண்டியின் விளக்கொளி கண்ணைக் கூசச் செய்யும். பகலில் கடக்க முடிந்த அதே சாலை, இரவில் அவருக்கு வேறொரு சாலையாகிவிடுகிறது.

இனி நொடிக் கணக்கைப் பார்ப்போம். இரு வழிப் போக்குவரத்துள்ள சாலையின் அகலம் சுமார் 7 மீட்டர். நொடிக்கு ஒரு மீட்டர் நடப்பவர் அதைக் கடக்க 7 நொடிகள் ஆகும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நொடிக்கு 10 மீட்டர் ஓடும். 7 நொடிகளில் 70 மீட்டர். 40 மீட்டர் தொலைவில்தான் வண்டி ஒருவரின் கண்ணுக்குப் புலனாகும் என்றால், அவருக்குக் கிடைப்பது 4 நொடிகள் மட்டுமே. "ஒன்றும் தெரியவில்லை" என்பதும் "ஒன்றும் வரவில்லை" என்பதும் அவருக்கு ஒன்றாகா.

எனவேதான் நடைப்பயிற்சி அளிப்போர் ஒரு முறையைக் கற்பிக்கின்றனர். சாலையோரத்தில் பாதுகாப்பாக நின்றுகொண்டு, ஒரு வண்டி கண்ணுக்கோ காதுக்கோ முதலில் தட்டுப்படும் நொடியிலிருந்து அது தம்மைக் கடக்கும் வரை எண்ண வேண்டும். இருபுறமும் பல வண்டிகளுக்கு இவ்வாறு எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கை தாம் கடக்கத் தேவையான நேரத்தை விட எப்போதும் மிகுதியாக இருந்தால், அமைதி நிலவும்போது கடக்கலாம். குறைவாக இருந்தால், அவ்விடத்தில் தம் கணிப்பை நம்பிக் கடக்கலாகாது. சிக்னல் உள்ள இடத்தையோ, ஒருவர் துணையையோ நாட வேண்டும். பகலில் எண்ணிய கணக்கு இரவுக்கும் மழைக்கும் பொருந்தாது.

கண் விட்ட குறையைக் காது ஓரளவு ஈடுசெய்கிறது. சிக்னலில், நாம் நடக்கும் திசையிலேயே நம் அருகில் நின்ற வண்டிகள் புறப்படும் ஓசை, குறுக்கே செல்வோர் நிறுத்தப்பட்டனர் என்பதற்கு அடையாளம். அப்போதும் திரும்பும் வண்டிகளைக் கவனிக்க வேண்டும். ஆனால் ஜெனரேட்டர் இரைச்சலும், நிறுத்தாமல் உறுமும் எஞ்சினும் அந்த ஓசையை விழுங்கிவிடுகின்றன. மெல்ல வரும் மின்சார ஸ்கூட்டரோ ஓசையே எழுப்புவதில்லை. எதிர்த்திசையில் ஓட்டி வருபவர், அவர் காது கொடுத்திராத பக்கத்திலிருந்து வந்து விடுகிறார்.

ஆகவே நம் கடமைகள் சில உள்ளன. ஜும்ஆ நாளில் வாசலின் இருபுறமும் வண்டிகளை அடைத்து நிறுத்துவதைத் தவிர்ப்போம். அவற்றின் மறைவிலிருந்து வெளியே வருபவர்க்கு இருக்கும் நொடிகளும் பறிபோகின்றன. வண்டியில் அமர்ந்தபடி கையசைத்தால் அவருக்குத் தெரியாது. ஹார்ன் அடித்தால் நிற்பதா நடப்பதா என்பது விளங்காது. வேகத்தைக் குறைத்து நின்று, வாயால் சொல்ல வேண்டும்.

துணை செய்ய விரும்பும் இளைஞர்கள் முதலில், "துணைக்கு வரலாமா?" என்று கேட்க வேண்டும். கையையோ கோலையோ பிடித்து இழுக்கலாகாது. நம் முழங்கைக்கு மேலே அவர் பற்றிக்கொள்ள, நாம் அரையடி முன்னே நடக்க வேண்டும். மறுகரை சேர்ந்ததும் அதைச் சொல்லி விடைபெற வேண்டும். கடக்க விரும்பாமல் நிற்பவரை வலிந்து கடத்துவது உதவியாகாது. தெருவிளக்கு, வேகத்தடை, நடப்போர் கடக்கும் வெள்ளைக் கோடுகள் ஆகியவற்றுக்காக நிர்வாகக் குழு உள்ளாட்சி மன்றத்தில் மனுச் செய்ய வேண்டும். கடைவீதிக்கும் மருத்துவமனைக்கும் செல்லும் நம் சகோதரிகளுக்கும் அதே சாலைதான்.

பார்வையற்ற ஸஹாபி அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் மதீனாவில் பாங்கு சொல்லும் சிறப்பைப் பெற்றிருந்தார்கள். பொழுது புலர்ந்துவிட்டது என்று மக்கள் சொன்ன பின்னரே அவர்கள் பாங்கு சொல்வார்கள் என்று ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். அவர்களுக்குக் கண் இல்லை என்று பொறுப்பு மறுக்கப்படவில்லை. கண்ணுள்ளோர் ஒரு வார்த்தை சொல்லித் துணை நின்றனர். பார்வை குறைந்தவருக்காகப் பார்த்துச் சொல்வதும் தர்மமே என்னும் கருத்தில் அமைந்த நபிமொழி திர்மிதியில் இடம்பெற்றுள்ளது. பொருள் இல்லாதவரும் செய்யக்கூடிய தர்மம் இது.

சாலையோரத்தில் தயங்கி நிற்கும் பெரியவர் நம்மிடம் கேட்பது ஏழெட்டு நொடிகளே. அவற்றை மனமுவந்து ஈவோமாயின், இன்ஷா அல்லாஹ், இஷாவின் முன் ஸஃப் மீண்டும் நிறையும். வல்ல அல்லாஹ் அதற்கு நல்லருள் புரிவானாக! ஆமீன்.