‘அப்பீலில் ஒன்றுமில்லை’ என்று வக்கீல் சொன்னால்

(அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



கொஞ்ச நாளைக்கு முன் ஒரு உம்மா நம் அலுவலகத்துக்கு வந்தார்கள். பீடி சுற்றிப் பிழைப்பவர்கள். மகன் பாளையங்கோட்டை மத்தியச் சிறையில். செஷன்ஸ் கோர்ட் தண்டனை கொடுத்துவிட்டது. மதுரை ஹைகோர்ட் கிளையில் அப்பீல் போட, சட்ட உதவி மூலம் ஒரு வக்கீலை நியமித்திருந்தார்கள். அவர் கட்டைப் படித்துவிட்டு, “இதில் வாதாட ஒன்றுமில்லை, நான் விலகிக்கொள்கிறேன்” என்று போனில் சொல்லிவிட்டாராம். “வக்கீலே இல்லைன்னுட்டாரு, இனி எல்லாம் முடிஞ்சு போச்சா?” என்று உம்மா கேட்டார்கள். தீர்ப்பு வந்து அன்றைக்கு 47 நாள். ஹைகோர்ட் அப்பீலுக்குக் கெடு 60 நாள்.

முடிந்து போகவில்லை என்றுதான் சொன்னேன்.

1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், 12-ஆம் பிரிவு: காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 13-ஆம் பிரிவு ஒரு நிபந்தனை வைக்கிறது. வழக்கில் முகாந்திரம் இருக்க வேண்டும். ஆனால் அதைத் தீர்மானிப்பது ஆணையம். ஒரு வக்கீல் போனில் சொல்லி முடித்துவிடுகிற காரியமல்ல. ஏற்றுக்கொண்ட வழக்கைத் தகுந்த காரணமும் முன்னறிவிப்பும் இல்லாமல் விடக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி.

வக்கீல் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். எல்லா அப்பீலிலும் சரக்கு இருக்காது. அதை மறைக்காமல் சொல்வது அவருடைய அமானத். என் வருத்தம், நாள் ஓடிக்கொண்டிருக்கும்போது எழுத்தில் எதுவும் தராமல் விலகியதுதான்.

இதே சிக்கல் அமெரிக்காவிலும் வந்தது. ஆண்டர்ஸ் என்பவருக்கு நியமிக்கப்பட்ட வக்கீல், அப்பீலில் தகுதி இல்லை என்று கோர்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதி ஒதுங்கிவிட்டார். வேறு வக்கீல் கேட்டும் கிடைக்கவில்லை. 1967-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. விலகுவதானால், அப்பீலுக்குச் சாதகமாக ஆவணங்களில் என்னென்ன இருக்கலாம் என்று வக்கீல் எழுதித் தர வேண்டும். அதன் நகல் கட்சிக்காரருக்கும் போக வேண்டும். பிறகு நீதிபதிகளே முழு ஆவணத்தையும் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் அப்படி ஒரு அறிக்கை முறை இல்லை. ஆனால் சிறையில் இருப்பவர் சிறை அதிகாரி வழியாகவே அப்பீல் மனு கொடுக்கலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 383, இப்போது புதிய சட்டத்தில் 424. வீணான அப்பீல் என்று கருதினால் நேரில் கேட்காமலே தள்ளுபடி செய்யும் அதிகாரமும் சட்டத்தில் உண்டு. அந்த அதிகாரம் கோர்ட்டுக்கு.

“தப்புச் செய்தவனுக்கு அப்பீல் எதற்கு? அந்நிஸா அத்தியாயம் 105-ஆம் வசனம் என்ன சொல்கிறது?” என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. அந்த வசனத்தின் பின்னணியாகத் தஃப்சீர் நூல்கள் சொல்வது ஒரு திருட்டு வழக்கை. சொந்தக் கூட்டத்தார் தங்கள் ஆளைக் காப்பாற்றப் பழியை ஒரு யூதர் மேல் போட்டார்கள். வசனங்கள் அவரைக் குற்றமற்றவராக்கின. எல்லோரும் சேர்ந்து முடிவு கட்டிய பிறகும் விஷயத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? பொய்ச் சாட்சி தேடிக் கொடுப்பது வேறு. அதற்கு இந்த அறக்கட்டளை ஒருநாளும் துணை போகாது.

உம்மாவின் மகன் 52-ஆம் நாள் சிறை வழியாக மனுக் கொடுத்தார். வேறு வக்கீல் கேட்டு ஹைகோர்ட் சட்டப்பணிகள் குழுவுக்கு எழுதினோம், கிடைத்திருக்கிறார். அப்பீல் நிலுவையில் இருக்கிறது. முடிவு அல்லாஹ்வின் கையில்.

இப்படி யார் வீட்டில் நடந்தாலும், வக்கீல் சொன்னதை எழுத்தில் கேளுங்கள். தீர்ப்பு நகல் வாங்க ஆன நாள்கள் கெடுவில் கழியும். கெடு தாண்டினாலும் காரணம் காட்டி மனுப் போடலாம். சட்ட உதவி வக்கீல் உங்களிடம் பணம் கேட்கக் கூடாது. இலவச எண் 15100. தீர்ப்பு நகலோடு நம் அலுவலகத்துக்கு வந்தால் மனு எழுதித் தருகிறோம். தயவுசெய்து 47-ஆம் நாள் வரை காத்திருக்காதீர்கள்.