மழைக்கு முன் மோட்டார்

புதிதாய் மோட்டார் வாங்கியோர் பலர், அதனைத் துடைத்து மினுக்குவதே பராமரிப்பு என எண்ணுகின்றனர். மினுக்குவது குற்றமன்று, ஆனால் பளபளப்பு வண்டியை நிறுத்தாது.

நம்மவர் விருந்தினரைப் பொன்முடிக்கு அழைத்துச் செல்வது வழக்கம். அச்சாலையில் 22 கொண்டை ஊசி வளைவுகள்! பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. ஈரமேறிய ஆயில், இறக்கத்தில் பிரேக் சூடேறுங்கால் எளிதில் கொதித்து ஆவிக்குமிழியாகும். அப்பொழுது பிரேக்கை மிதித்தால் கால் அடிவரை இறங்கும், வண்டி நில்லாது. அளவு குறையாதிருப்பினும் இரண்டாண்டுக்கு ஒருமுறை அதனை மாற்றிவிடுக. இறங்குகையில், ஏறிய கியரிலேயே இறங்குக.

ரயில்வேயில் பிரேக் சோதனை முடியாமல் வண்டி புறப்படுவதில்லை. வீட்டு மோட்டாருக்கோ உரிமையாளரே சோதனையாளர். ஜூன் மழைக்கு முன் டயரையும் நோக்குக. பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சட்டமும் ஒவ்வாது, ஈரச் சாலையும் ஒவ்வாது.