இசைவழி எழுத்தறிவு: மாணவத் தொண்டர்களுக்கு ஓர் அழைப்பு

(யூபிலி ஆண்டை முன்னிட்டு, பிள்ளையார்பட்டிப் பகுதி மாணவத் தொண்டர்களும் பெற்றோரும் கூடிய கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டு வந்தால் கோபுரத்திற்கு வண்ணம் பூசுகிறோம், கொடிமரத்தைப் புதுப்பிக்கிறோம், மலர் வெளியிடுகிறோம். இவை யாவும் நல்லவையே. ஆயினும் திருநூலில் யூபிலி என்பது கட்டுண்டவர்களுக்கு விடுதலை அறிவிக்கும் ஆண்டு. நம் ஊர்களில் கட்டுண்டவர்கள் யார் என்று தேடிப் பார்த்தால், பள்ளிக்கூடத்தின் கடைசி வரிசையில் தலைகவிழ்ந்து அமர்ந்திருக்கும் சில பிள்ளைகளைக் காண்கிறோம்.

அந்தப் பிள்ளைகளை உங்களுக்கும் தெரியும். கடையில் பத்துப் பொருள் வாங்கச் சொன்னால் ஒன்றையும் மறவாமல் வாங்கி வருவான். மிதிவண்டியைப் பிரித்துப் பூட்டுவான். ஒரு முறை கேட்ட பாட்டை அப்படியே பாடுவான். ஆனால் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் விழிப்பான். ‘படம்’ என்பதை ‘மடம்’ என்பான். ஒரு வரியை விட்டு அடுத்த வரிக்குத் தாவுவான். கரும்பலகையைப் பார்த்து எழுதினாலும் எழுத்து விடுபடும். வீட்டில் ‘சோம்பேறி’ என்கிறோம். பள்ளியில் ‘மக்கு’ என்கிறார்கள். இரண்டையும் கேட்டுக் கேட்டு அவனே தன்னை அப்படி நம்பத் தொடங்குகிறான். எட்டாம் வகுப்பு முடிந்ததும் ஏதோ ஒரு கடையில் எடுபிடி வேலைக்குப் போய்விடுகிறான். ஒரு வாழ்க்கை அங்கே சுருங்கிப் போகிறது.

இது சோம்பலும் அன்று, மந்தபுத்தியும் அன்று. மருத்துவ உலகம் இதற்கு டிஸ்லெக்சியா என்று பெயர் இட்டிருக்கிறது. வாசிப்புக் குறைபாடு என்று நாம் தமிழில் சொல்லலாம். ருடால்ஃப் பெர்லின் என்னும் ஜெர்மானியக் கண் மருத்துவர் 1887-இல் இப்பெயரை வழங்கினார். மூளை நோயினால் வாசிக்கும் திறனை இழந்த பெரியவர்களைக் குறித்தே அவர் அதைச் சொன்னார். பிள்ளைகளிடமும் இது பிறவியிலேயே அமைவதுண்டு என்று 1896-இல் எழுதியவர் பிரிங்கிள் மோர்கன் என்னும் ஆங்கில மருத்துவர். அவர் கண்ட சிறுவனுக்கு வயது பதினான்கு. விளையாட்டில் சூரன், கணக்கில் கெட்டிக்காரன். ஆனால் தன் பெயராகிய பெர்சி என்பதையே எழுத்து மாற்றிப் ‘பிரெசி’ என்று எழுதினான். பாடங்கள் யாவும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் முதல்வனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் கருதினாராம். பெற்றோர்களே, இந்தச் சொல்லை மனத்தில் இருத்திக் கொள்ளுங்கள்.

இக்குறைபாடு குடும்ப வழியாகவும் வருவதுண்டு. ஆண் பெண் இருபாலாரிடமும் உண்டு. நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் வரை இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இரண்டு முதல் நான்கு பேர் என்றாகிறது. அவர்களை அடித்துத் திருத்த முடியாது. கண்ணாடி போட்டும் திருத்த முடியாது. ஏனெனில் குறை கண்ணில் இல்லை. ஒரு சொல்லைக் காதால் கேட்டு, அதிலுள்ள ஒலிகளைத் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய எழுத்தோடு சேர்ப்பதில்தான் அவர்களுக்கு இடறல்.

நம் நாட்டில் இதற்கு வழி பிறந்திருக்கிறது. 1991-இல் சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் தோன்றியது. அது ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறது. பிள்ளைகள் சில காலம் தங்கள் பள்ளியை விட்டு வந்து பயின்று, மீண்டும் பழைய பள்ளிக்கே திரும்பும் வண்ணம் ‘அனன்யா’ என்னும் கற்றல் மையத்தையும் நடத்துகிறது. 2007-இல் வெளிவந்த ‘தாரே ஜமீன் பர்’ என்னும் இந்தித் திரைப்படம் இத்தகைய ஒரு சிறுவனின் கதையை நாடெங்கும் கொண்டு சென்றது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைக் குறைபாடுகளை ஏற்றது; அவற்றுள் இதுவும் ஒன்று. உரிய சான்றிதழ் பெற்றால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் ஆகிய சலுகைகள் உண்டு. சான்றிதழ் வாங்கினால் பிள்ளைக்கு அவப்பெயர் என்று ஒளிப்பவர்களுக்கு ஒன்று சொல்வோம்: ‘மக்கு’ என்ற பெயரைவிட அவப்பெயர் வேறில்லை.

இனி, இசை இங்கே எப்படி வருகிறது?

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் உஷா கோஸ்வாமி நெடுங்காலமாக இதை ஆராய்ந்து வருபவர். பேச்சிலே ஒலி எழுவதும் தாழ்வதும் ஒரு தாளக்கட்டில் நடக்கிறது. அந்த ஏற்றத்தை நுட்பமாகப் பிடிப்பதில் இப்பிள்ளைகளின் செவியுணர்வு பின்தங்குகிறது. அதனால்தான் அசை பிரிவதில் குழப்பம் என்பது அவர் காட்டும் வழி. தாளம் தப்புகிற இடத்தில் தாளத்தையே பயிற்றினால் என்ன என்று பிறர் முயன்றார்கள். இத்தாலியில் நடந்து 2015-இல் வெளிவந்த ஆய்வொன்றில், எட்டு முதல் பதினொரு வயது வரையுள்ள 46 பிள்ளைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இசையும் மறு பிரிவுக்கு ஓவியமும் முப்பது வாரம் பயிற்றினர். இசை பயின்றவர்கள் ஒலிகளைப் பிரித்தறிவதிலும் வாசிப்பதிலும் ஓவியம் பயின்றவர்களைவிட முன்னேறினர்.

இதைக் கேட்டுப் பாட்டுப் பாடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. இத்தகைய ஆய்வுகள் சிலவே; சிறியவையே. 2012-இல் உலக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அறிஞர் குழு ஒன்று, இதுபற்றி நம்பத்தக்க முறையில் நடந்த சோதனை அதுவரை ஒன்றுமில்லை என்றே கூறியது. ஆகவே இசை மருந்தன்று. எழுத்தையும் ஒலியையும் முறையாகப் படிப்படியாகக் கற்பிப்பதே மருந்து. அதை விரும்பி உண்ணச் செய்யும் தேன் இசை என்று கொள்வோம்.

நம் தமிழில் இதற்கு இடம் நிறைய உண்டு. எழுத்தை மாத்திரையால் அளந்த மொழி நம்முடையது. கண் இமைக்கும் நேரமும் கை நொடிக்கும் நேரமுமே மாத்திரை என்று தொல்காப்பியம் வகுத்தது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. அசையும் சீருமாகச் செய்யுளைக் கட்டியவர்கள் நம் முன்னோர். அவர்கள் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் ஒருமித்து ஓதிக்கொண்டே மணலில் விரலால் எழுதினார்கள். செவியும் வாயும் கையும் ஒரே வேளையில் கற்ற காலம் அது.

நம் எழுத்திலே தடுக்கி விழும் கற்களும் உள்ளன. ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு முன்னே நிற்கிறது. ஒலியோ பின்னே வருகிறது. ‘கொ’ என்றால் முன்னும் பின்னும் துணை வேண்டும். ன, ண, ந மூன்றும், ல, ள, ழ மூன்றும் பிள்ளையை மயக்கும். இத்தகைய கற்களில் ஒன்றை அகற்றியவர் நம் வீரமாமுனிவர் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. 1680-இல் இத்தாலியில் பிறந்து, தமிழகத்தில் வாழ்ந்து, 1747-இல் மறைந்த அந்தக் குரு, எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒன்றோடொன்று மயங்கியதைக் கண்டு, நெடிலுக்குத் தனி வடிவம் அமைத்தார். ‘கெ’யில் ஒற்றைக் கொம்பும் ‘கே’யில் இரட்டைக் கொம்பும் இன்று இருப்பது அவர் வழி வந்தது. 1978-இல் தமிழக அரசும் எழுத்துச் சீர்திருத்தம் செய்து, தும்பிக்கைபோல் வளைந்த சில பழைய வடிவங்களை எளிதாக்கியது. வாசிப்பவனுக்காக எழுத்தே வளைந்து கொடுத்திருக்கிறது; நாம் வளைந்து கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

இசைக்கும் இந்தச் செட்டிநாட்டு மண் புதிதன்று. கானாடுகாத்தான் தந்த அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று நடத்திய தமிழிசை இயக்கம், 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கமாக நிலைபெற்றது. கேட்பவனுக்குப் புரியும் மொழியில் பாட வேண்டும் என்பதே அதன் உயிர். இராயவரத்தில் 1922-இல் பிறந்த அழ. வள்ளியப்பா, பிள்ளைகளின் வாயில் தானே வந்து அமரும் எளிய சொற்களால் பாடல்கள் இயற்றிக் குழந்தைக் கவிஞர் என்று பெயர் பெற்றார். நமக்கு வேண்டிய பாடநூல் அடுத்த ஊரிலேயே இருக்கிறது!

மாணவர்களே, இனி உங்கள் வேலைக்கு வருவோம்.

முதலாவது, கைத்தட்டல். ஊர்ப் பெயரிலே தொடங்குங்கள். பிள்-ளை-யார்-பட்-டி: ஐந்து தட்டு. குன்-றக்-கு-டி: நான்கு தட்டு. பிறகு பிள்ளையின் பெயர், தாயின் பெயர். சொல்லை ஒலித்துண்டுகளாக உடைக்கும் வித்தை இதில் கைவரும்.

இரண்டாவது, நீட்டலும் குறுக்கலும். கல், கால், பல், பால், எடு, ஏடு, கொடு, கோடு. குறிலுக்கு ஒரு தட்டு. நெடிலுக்குத் தட்டி விரித்து இரண்டு எண்ணிக்கை. காது பிரித்தறிந்த பிறகே அட்டையில் எழுத்தைக் காட்டுங்கள்.

மூன்றாவது, பாட்டை எழுத்தோடு சேர்த்தல். நான்கு வரிப் பாட்டைப் பெரிய எழுத்தில் எழுதித் தொங்கவிட்டு, பாடும் சொல்லின்மேல் பிள்ளையே விரல் வைக்கட்டும். இங்கே ஒரு கவனம் வேண்டும். இப்பிள்ளைகள் பாட்டை மனப்பாடம் செய்துகொள்ளக்கூடும். எழுத்தைப் பாராமலே பாடிவிடுவார்கள். அதனால் வரிகளை வெட்டி இடம் மாற்றி வையுங்கள். ஒரு சொல்லை மட்டும் தனி அட்டையில் எடுத்துக் கேளுங்கள். பாட்டை நீக்கியும் அச்சொல்லை வாசித்தால்தான் அது வாசிப்பு.

நான்காவது, இரு அணியாகப் பாடுதல். குருமடத்தில் நாங்கள் திருப்பாடல்களை இரு பக்கமாக அமர்ந்து, மாறி மாறிச் சொல்வது வழக்கம். தடுமாறுகிறவனைப் பக்கத்திலிருப்பவனின் குரல் தாங்கிச் செல்லும். யார் தடுமாறினார் என்பது எதிரணிக்குத் தெரியாது. அந்தப் பாதுகாப்பை இப்பிள்ளைக்கும் கொடுங்கள். தனியே எழுந்து நின்று வாசி என்று ஒருபோதும் சொல்லாதீர்கள்.

ஐந்தாவது, மணலில் அல்லது தட்டிலிட்ட அரிசியில் எழுத்தை விரலால் எழுதி, எழுதும்போதே ஒலியைச் சொல்லச் செய்தல். இதற்குப் பணம் வேண்டியதில்லை, பொறுமைதான் வேண்டும்.

செய்யக் கூடாதவையும் உண்டு. இன்ன பிள்ளைக்கு இன்ன குறை என்று நீங்கள் தீர்ப்பிடாதீர்கள். அது பயிற்சி பெற்றவர்களின் வேலை. ஐயமிருந்தால் பெற்றோரிடம் தனியே சொல்லி, வகுப்பாசிரியர் மூலம் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் அனுப்புங்கள். ஒரு பிள்ளையை மற்றொரு பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். அரைமணி நேரத்திற்கு மேல் நீட்டாதீர்கள். தனித்து ஒருவராக இல்லாமல், இருவர் இருவராக, கதவு திறந்த மண்டபத்தில், பெற்றோர் பார்க்கும்படி கற்பியுங்கள். வருகிற பிள்ளைகளில் பலர் நம் கோவிலைச் சேராதவர்களாக இருப்பார்கள். அவர்கள் எழுத்துக்காக வருகிறார்கள். ஆகவே நம் பக்திப் பாடல்களை அங்கே கொண்டுவர வேண்டாம். மத எல்லை பாராமல் மனிதரை நேசித்த குன்றக்குடி அடிகளார் வாழ்ந்த சுற்றுவட்டாரம் இது. அந்தப் பண்பைக் காப்போம்.

எல்லாவற்றிற்கும் மேலாக, தவறாமல் வாருங்கள். 1969-இல் காந்தியடிகளின் நூற்றாண்டில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியபோது 37 பல்கலைக்கழகங்களிலிருந்து 40,000 மாணவர்கள் சேர்ந்தார்கள். என் நலமன்று, உன் நலமே என்பது அதன் குறிக்கோளின் கருத்து. தேர்வு வரும், திருவிழா வரும், கிரிக்கெட்டும் வரும். நான்கு வாரம் வந்து ஐந்தாம் வாரம் நின்றுவிடும் தொண்டரைவிட, வராமலே இருந்தவர் மேல். ஏனெனில், ஏற்கனவே பலரால் கைவிடப்பட்ட பிள்ளை அது. நீங்களும் விட்டுச் சென்றால், குற்றம் தன்னுடையதே என்று அது முடிவு செய்துவிடும். ஓராண்டு வர இயலும் என்பவர்கள் மட்டும் இன்று பெயர் கொடுங்கள். பத்துப் பேர் போதும்.

பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம். இன்றிரவு வீட்டுக்குப் போனதும், வாசிக்கத் திணறும் உங்கள் பிள்ளையிடம் புத்தகத்தைக் கேட்காதீர்கள். தெரிந்த பாட்டு ஒன்றைப் பாடச் சொல்லிக் கேளுங்கள். அதைப் பாடுகிற மூளை மந்தமானதா என்று நீங்களே நிதானித்துச் சொல்லுங்கள். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கையைப் பிடித்து மண்டபத்திற்கு அழைத்து வாருங்கள். பாடற்குழுவின் ஆர்மோனியமும் டோலக்கும் அங்கே தயாராக இருக்கும்.

கோபுரத்தின் வண்ணம் சில ஆண்டுகளில் மங்கிவிடும். ஒரு பிள்ளை முதன்முதலாகத் தானே வாசித்த ஒரு சொல் அதன் வாழ்நாள் முழுவதும் மங்காது. அப்படிப்பட்ட சொற்கள் சில இந்த யூபிலி ஆண்டில் நம் மண்டபத்தில் ஒலிக்க வேண்டும் என்று விரும்புகிறோம். உங்கள் முயற்சிகள் யாவற்றையும் இறைவன் நிறைவாக ஆசீர்வதிப்பாராக.