மரத்துக்கு விலை உண்டு, மண்ணுக்கு இல்லையா?



சம்பளமும் வீட்டு வசதியும் பேசிப் பழகிய இந்த மேடையில், ஓராங் அஸ்லி மக்களின் நில உரிமையைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். அது நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். பால் மரம் நடுவதற்கு முன் இந்நாட்டில் காடு இருந்தது. அது ஆளில்லாக் காடல்ல, தோழர்களே!

சிலாங்கூரில், டெங்கிலுக்கு அருகே புக்கிட் தம்போய் என்றொரு கம்போங். தெமுவான் மக்கள் தலைமுறை தலைமுறையாய் அங்கே ரப்பரும் செம்பனையும் பழமரமும் வைத்துப் பாடுபட்டு வந்தார்கள். 1995-இல், சிப்பாங் விமான நிலையத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலைக்காக அவர்கள் நிலத்தில் ஏறத்தாழ 38 ஏக்கர் எடுக்கப்பட்டது. 14 நாளில் வெளியேற வேண்டும் என்று உத்தரவு! 1954-ஆம் ஆண்டுப் பூர்வகுடிகள் சட்டத்தைக் காட்டி, மரத்துக்கும் வீட்டுக்கும் பணம் கொடுத்தார்கள். மண்ணுக்கு ஒரு காசும் இல்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்ட 1950-களிலும் 60-களிலும், உழைத்த மண்ணிலிருந்து வெறுங்கையோடு வெளியேறிய பாட்டாளிக்கு இந்த வேதனை புரியாதா?

தெமுவான் மக்கள் அழுதுகொண்டு உட்காரவில்லை. சாகோங் தாசி முதலியோர் நீதிமன்றம் ஏறினார்கள். 2002-இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றம், பட்டா இல்லாவிட்டாலும் வழிவழியாக வந்த உரிமை நிலத்தின் மீதான சொத்துரிமையே என்றும், 1960-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி நட்டஈடு தர வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி கோபால் ஸ்ரீராம் அதை உறுதி செய்தார். 2010-இல் 65 லட்சம் வெள்ளிக்கு உடன்பாடு ஏற்பட்டது. பதினைந்து ஆண்டுப் போராட்டம்!

ஆயினும் முழு வெற்றி என்று மார்தட்ட முடியாது. குடியிருந்து பயிரிட்ட நிலத்துக்கே அந்த உரிமை. வேட்டைக்கும் பிரம்புக்கும் போய்வந்த பெருங்காடு அதில் சேரவில்லை. மூதாதையரைப் புதைத்த இடமும், மருந்துச் செடியும், பெயரிட்டு அழைத்த மலையும் ஆறும் அந்தக் காட்டில்தானே இருக்கின்றன? காடு போனால் வழக்கமும் போகும். அதனால்தான் கிளந்தானில், குவா மூசாங் பகுதியில் தெமியார் மக்கள் மரம் வெட்டுவோரை மறித்துக் காட்டுப் பாதையில் தடுப்புக் கட்டி நின்றார்கள். 2019-இல் கூட்டரசு அரசாங்கமே அவர்களுக்காகக் கிளந்தான் மாநில அரசின்மீது வழக்குத் தொடுத்தது.

தோழர்களே! நாம் செய்யக்கூடியது என்ன? முதலாவது, அம்மக்களை இழிபெயரால் அழைப்பதை யார் வாயிலிருந்து கேட்டாலும் அங்கேயே தடுக்க வேண்டும். இரண்டாவது, தோட்டத்தை அடுத்துள்ள அவர்கள் நிலத்தை யாராவது அளக்க வந்தால், சாட்சி சொல்லவும், கடிதம் எழுதவும், நம் கிராணிமார் கைகொடுக்க வேண்டும். மூன்றாவது, நம் கிளைக் கூட்டங்களுக்கு அவர்களையும் அழைத்து, அவர்கள் வாயால் அவர்கள் கதையைக் கேட்க வேண்டும்.

ஒருவன் உரிமை பறிபோகும்போது மற்றவன் வாய்மூடி நின்றால், நாளை அவனுக்காகப் பேச ஆளிருக்காது. சங்கம் நமக்குக் கற்றுத் தந்த முதல் பாடம் இதுதான்.