உமியும் நம் உடைமையே!

(உழவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

  

நெல்லினின்று பிரிவனவற்றுக்கு நம் முன்னோர் இட்ட பெயர்களை எண்ணிப் பாருங்கள்: வைக்கோல், பதர், உமி, தவிடு, நொய்! ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர், ஒவ்வொன்றுக்கும் தனிப்பயன். வைக்கோலும் தவிடும் மாட்டுக்கு; நொய் கஞ்சிக்கு; உமி பொற்கொல்லர் உலைக்கு. கழிவென்று அவர்கள் எதனையும் தள்ளவில்லை.

பழைய அரைவைப் பொறிகளோ உமியையும் தவிட்டையும் ஒன்றாய் நொறுக்கிக் கலந்துவிட்டன. அக்கலவை எண்ணெய்க்கும் உதவாது. மாட்டுக்கும் எளிதிற் செரிக்காது. இரப்பர் உருளைப் பொறியே உமியை முதலில் தனியே நீக்கித் தவிட்டைத் தூய்மையாய்த் தருகின்றது. அத்தவிட்டில் 100-க்கு 15 முதல் 20 பங்கு எண்ணெய் உண்டு. ஆனால், அரைத்த சில மணி நேரத்திலேயே அதிலுள்ள நொதி எண்ணெயைக் கெடுக்கத் தொடங்கும். உடனே நீராவியாற் சூடேற்றினால் அக்கேடு நிற்கும்.

இனி, உமிக்கு வருவோம். 1000 கிலோ நெல்லில் ஏறத்தாழ 200 கிலோ உமி. நெல்லவிக்கும் கொதிகலனில் அதனை எரிக்கின்றோம், நன்று. எஞ்சும் ஏறத்தாழ 40 கிலோ சாம்பலை என்செய்கின்றோம்? சாலையோரத்திலும் வாய்க்காற் கரையிலும் கொட்டுகின்றோம். காற்றடித்தால் அது குழந்தைகளின் கண்ணிலும் முதியோரின் நுரையீரலிலும் புகுகின்றது. நம் ஊரை நாமே நஞ்சாக்கலாமா?

அச்சாம்பலில் 100-க்கு 90 பங்களவு இருப்பது சிலிக்கா என்னும் மணற்கூறு. 700 பாகை செல்சியசைத் தாண்டாமல் எரித்து நுண்ணிதாய் அரைத்தால், சிமென்ட் எனப்படும் பைஞ்சுதையில் ஒரு பகுதிக்கு அது ஈடாகும். சுண்ணக்கல்லைச் சுடுவதால் எழும் கரிவளியும் அவ்வளவிற்குக் குறையும். வெப்பம் மிகுந்தாலோ சிலிக்கா படிகமாகி, அப்பயனும் குன்றும். நுரையீரலுக்குத் தீங்கும் மிகும். எனவே, எரிக்கும் முறையிலேதான் நன்மையும் தீமையும் அடங்கியுள்ளன.

'உமி குற்றிக் கை சலித்தாற்போல' என்பது பழமொழி. அரிசி தேடி உமியைக் குற்றுவது வீண்; உமியை உமியாகவே பயன்கொள்வது அறிவுடைமை!

ஆலை உடையவர்களே, தவிட்டையும் உமியையும் கலவாதீர்! சாம்பலை நனைத்து மூடி, செங்கற் சூளைக்கும் கட்டடத் தொழிலுக்கும் கொடுப்பீர்! இளைஞர்களே, வெட்டவெளியிற் கொட்டும் வண்டிகளைக் கண்டால் ஊராட்சியில் முறையிடுங்கள்! நெல்லை விளைவித்த மண்ணுக்கு நெல்லாலேயே கேடு வருதல் கூடாது. ஊர்தோறும் இதற்கென ஒன்றுபடுங்கள்!